முன்னால் ஊற்றியவரின் ஃபேட்: ஒரு பால் சங்கக் கணக்கில் நடந்த கசிவு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கத்தில் உள்ள ஒரு பால் சங்கத்தில் நடந்தது இது. சீட்டு அடிக்கும் கணினி நிரலில் ஒருவரின் எண் அடுத்தவருக்குக் கசிந்த கதை; அதைத் திருத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. சங்கத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரும் வேண்டாம். கீழே வரும் உறுப்பினர் எண்களும் அளவுகளும் மாற்றப்பட்டவை. நடந்த விதம் மாறவில்லை.

அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: ஆவணங்கள் மலையாளத்தில், பேச்சு தமிழில். வடகரப்பதி, எருத்தேன்பதி என்று எல்லையை ஒட்டிய பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு வீடு கலப்பின மாடு. கேரளத்தில் அதிகமாகப் பால் சேரும் வட்டாரங்களில் சித்தூரும் ஒன்று. சங்கத்தில் பால் ஊற்றுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலைப் பாலுக்கான சீட்டு மாலையில் கைக்கு வரும், மாலைப் பாலுக்கானது மறுநாள் காலையில். சீட்டில் உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்), லிட்டர் விலை, தொகை என்று ஆறு கட்டம். தலைப்புகள் மலையாளத்தில் இருப்பதால் வயதானவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை. எந்த இடத்தில் எந்த எண் வரும் என்பது மனப்பாடம்.

புகார் செய்தவர் உறுப்பினர் எண் 87. இரண்டு கறவை, வேளைக்கு நாலு நாலரை லிட்டர். அவருக்கு வழக்கமாக 4.2, 4.3 என்று வரும் ஃபேட், சில வேளைகளில் மட்டும் 3.6, 3.5 என்று விழுந்தது. அடுத்த வேளையே பழையபடி ஏறிக்கொள்ளும். தீவனம் மாற்றவில்லை, மாடு மாறவில்லை. ஃபேட்டும் எஸ்.என்.எஃப்பும் சேர்ந்துதான் விலை அட்டவணையில் கட்டத்தைத் தீர்மானிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் பணம் குறைந்தது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஃபேட் 3.2, எஸ்.என்.எஃப் 8.3. ஒரு வேளை அவர் சீட்டில் எஸ்.என்.எஃப் 8.1 என்று வந்துவிட்டது. அந்த எண்ணுக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்: பாலில் தண்ணீர். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் வரிசையில் நிற்பவர்களின் பார்வை சொன்னது.

சந்தேகங்கள் போன பாதை

சீட்டு அடிக்கும் கணினி புரோகிராமைச் சந்தேகிக்க யாருக்கும் முதலில் தோன்றவில்லை. அது நியாயம்தான். பால் என்பது இயல்பாகவே ஏறி இறங்கும் பொருள். இரவு இடைவெளி நீளம் என்பதால் காலைப் பால் அளவில் கூடி ஃபேட்டில் குறையும். மாலைப் பால் அதற்கு நேரெதிர். செயலாளர் முதலில் அதைத்தான் சொன்னார். 87-இன் சீட்டுகளை வேளைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இறக்கம் காலையிலும் இருந்தது, மாலையிலும் இருந்தது. அந்த விளக்கம் அங்கேயே முடிந்தது.

அடுத்தது எல்லைக்கே உரிய சந்தேகம். கேரளத்துக் கொள்முதல் விலை தமிழ்நாட்டைவிடக் கூடுதல் என்பதால், அந்தப் பக்கத்துப் பாலை இந்தப் பக்கம் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள் என்ற பேச்சு இந்த ஊர்களில் எப்போதும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைச் சோதிக்க மீனாட்சிபுரத்தில் பால்வளத் துறை சோதனைச் சாவடியே வைத்திருக்கிறது. ஒரு வேளை நன்றாகவும் ஒரு வேளை மோசமாகவும் பால் வந்தால், ‘ரெண்டு வீட்டுப் பால்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாலரை லிட்டருக்காக யார் எல்லை தாண்டுவார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டார்கள், ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

மூன்றாவது சந்தேகம்தான் உண்மைக்கு மிக அருகில் வந்தது. அளக்கும் மெஷினே முந்தைய பாலை அடுத்த பாலோடு கலக்கிறதோ? அல்ட்ராசோனிக் பால் பகுப்பாய்வு மெஷின் மாதிரியை ஒரு மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சி, ஒலி அலை அதற்குள் எப்படிப் போகிறது என்பதை வைத்து ஃபேட், எஸ்.என்.எஃப், அடர்த்தி எல்லாவற்றையும் கணக்கிடுகிறது. குழாயை ஒழுங்காகக் கழுவாவிட்டால் முந்தைய மாதிரியின் மிச்சம் உள்ளே தங்கும். இது கற்பனை இல்லை, எல்லா ஆய்வுக்கூடத்திலும் உள்ள பிரச்சினை. எனவே மெஷினைக் கழுவினார்கள். 87-இன் பாலை, அமிலத்தால் ஃபேட்டைப் பிரித்து அளக்கும் ஜெர்பர் முறையிலும் சோதித்தார்கள்: பியூட்டிரோமீட்டர் என்ற அளவுக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், பிறகு சுழற்சி. ஃபேட் 4.2. அதே வேளையில் மெஷினும் 4.2 காட்டியது. பால் நன்றாக இருக்கிறது, மெஷின் நன்றாக இருக்கிறது, சீட்டு மட்டும் சில வேளைகளில் பொய் சொல்கிறது.

இந்த இடத்தில் வழக்கை உடைத்தவர் 87-தான். வரிசையில் வழக்கமாகத் தனக்கு முன்னால் நிற்கும் 41-ஆம் எண்காரரின் சீட்டுகளை வாங்கித் தன் சீட்டுகளோடு அடுக்கி வைத்து என்னிடம் காட்டினார்.

“தம்பி, இதைப் பாருங்க. அந்தக்காளுக்கு மூணு புள்ளி ஆறு, எட்டு புள்ளி ஒண்ணு. எனக்கும் மூணு புள்ளி ஆறு, எட்டு புள்ளி ஒண்ணு. வேற வேற மாடுங்க. எப்படீங்க தம்பி ஒரே மாதிரி வரும்?”

ஒரு வேளை என்றால் தற்செயல் எனலாம். அவர் காட்டிய எல்லா மோசமான வேளைகளிலும் இரண்டு எண்களும் தசமத்துக்குத் தசமம் 41-இன் எண்கள்.

மெஷினில் மிச்சம் தங்கியிருந்தால் இப்படி வராது. கணக்குப் போட்டால் தெரியும். முந்தைய பால் 6.0, இப்போதைய பால் 3.6, குழாயில் இருபதில் ஒரு பங்கு மிச்சம் தங்கியது என்று வைத்துக்கொள்வோம். 3.6-இல் இருபதில் பத்தொன்பது பங்கு 3.42, 6.0-இல் இருபதில் ஒரு பங்கு 0.30, மொத்தம் 3.72. கலப்பு எப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். முந்தைய ஆளின் எண் அச்சு அசலாக வந்தால், அங்கே பால் கலக்கவில்லை; எண் நகல் எடுக்கப்பட்டிருக்கிறது. நகல் எடுப்பது கணினியின் வேலை. இப்படியான எந்த வழக்கிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து: தப்பான மதிப்பு சரியான மதிப்புக்கு அருகில் இருக்கிறதா, அல்லது இன்னொருவரின் சரியான மதிப்புக்குச் சமமாக இருக்கிறதா? சமமாக இருந்தால் சென்சாரை விட்டுவிட்டு லூப்பை, அதாவது நிரல் ஒரே வேலையை ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை, தேடலாம்.

லூப்புக்குள்

மெஷின் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரியை சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும். எடை மெஷினின் லிட்டரும் கவுண்டரில் தட்டிய உறுப்பினர் எண்ணும் சேர்ந்து, வேளைக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் ஆகும். வேளை முடிந்ததும், பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல் அந்த ஃபைலை வரிவரியாகப் படித்துச் சீட்டு அடிக்கும். எழுதியவர் எப்போதோ வேலை மாறிப் போய்விட்டார். நிரலின் நடுப்பகுதியைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

கொழுப்பு = 3.5
திடம் = 8.3
ஒவ்வொரு வரியாக எடு:
    எண், லிட்டர், க, தி = வரியைப் பிரி
    முயன்று பார்:
        கொழுப்பு = எண்ணாக்கு(க)
        திடம் = எண்ணாக்கு(தி)
    பிழை வந்தால்:
        கண்டுகொள்ளாதே
    கொழுப்பு 0 என்றால்:
        கொழுப்பு, திடம் = போனவாரச் சராசரி(எண்)
    சீட்டு அடி(எண், லிட்டர், கொழுப்பு, திடம்)

மெஷினால் அளக்க முடியாதபோது அது எண்ணுக்குப் பதில் கோடுகளை அனுப்பும். கோட்டை எண்ணாக்க முடியாது, பிழை வரும், நிரல் கண்டுகொள்ளாது. அப்போது கொழுப்பு என்ற மாறியில், அதாவது மதிப்பை வைத்திருக்கும் அந்தப் பெட்டியில், என்ன இருக்கும்? போன சுற்றில் வைத்தது. 41-இன் 3.6 அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. 87-இன் சீட்டில் அது அச்சாகிறது. பந்தியில் ஒருவர் எழுந்ததும் இலையை எடுக்காமல் அடுத்தவரை அதே இலையில் உட்கார வைத்தது போல.

ஏன் 87-க்கு மட்டும் இது அடிக்கடி? அவர் வீடு சங்கத்துக்கு அடுத்த சந்து. கறந்த சூட்டோடு, நுரை அடங்காத பாலைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். மாதிரியில் காற்றுக் குமிழி இருந்தால் அல்ட்ராசோனிக் மெஷினுக்கு ஆகாது, கோடு போட்டுவிடும். தூரத்திலிருந்து வருபவர்களின் பால் வழியிலேயே நுரை அடங்கிவிடும். மற்றவர்களுக்கும் எப்போதாவது கோடு விழுந்திருக்கிறது, ஆனால் அவர்கள் கவனிக்கும் அளவுக்கு இல்லை. தவிர, முன்னால் நின்றவரின் பால் தன்னுடையதைவிட நல்லதாக இருந்த வேளைகளில் யாரும் வந்து புகார் சொல்லப் போவதில்லை.

நிரலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை வேறு இரண்டு இடங்கள். ஒன்று, லூப்புக்கு மேலே இருக்கும் 3.5, 8.3. அவற்றுக்குப் பக்கத்தில், முதல் வரியிலேயே கோடு வந்தால் நிரல் நின்றுவிடுகிறது, அதற்காக இது என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அதாவது ஒரு நாள் முதல் ஆளுக்கே கோடு விழுந்திருக்கிறது. அதற்கு முன் கொழுப்பு என்ற மாறியே பிறக்கவில்லை என்பதால் பைதான் சரியாகவே சண்டை போட்டிருக்கிறது. யாரோ அந்தச் சண்டையை அடக்க ஒரு தொடக்க மதிப்பைக் கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்ன ஒரே பிழைச்செய்தி அன்றோடு நின்றது. நிரலைச் சோதிக்கும் கருவிகளுக்குக்கூட, மதிப்பு வைக்கும் முன் பயன்படுத்தப்படலாம் என்று எச்சரிப்பதற்கு இங்கே வழியில்லை. மேலே ஒரு மதிப்பு இருக்கிறதே!

இன்னொன்று, போனவாரச் சராசரி. அளக்க முடியாத பாலுக்கு அந்த உறுப்பினரின் முந்தைய வாரச் சராசரியைக் கொடுப்பது சங்கத்தின் விதி, நல்ல விதி. நிரலில் அது எழுதப்பட்டும் இருக்கிறது. ஆனால் கொழுப்பு 0 ஆனால்தான் அந்த வரி ஓடும். முந்தைய ஆளின் மதிப்பு தங்கிவிடுவதால் அது ஒருபோதும் 0 ஆவதில்லை. விதி எழுத்தில் இருந்தது, உயிரோடு இல்லை. நிரலைப் படித்துப் பார்த்து ‘சராசரி போடும் பகுதி இருக்கிறதே’ என்று திருப்திப்பட்டவர்கள் இருந்திருக்கலாம்.

கசிவில் முழு நகலைவிட ஆபத்தான ஒரு வகையும் இருந்தது. முயன்று பார் என்ற பகுதியில் இரண்டு வரிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஃபேட் எண்ணாக வந்து, எஸ்.என்.எஃப் மட்டும் கோடாக வந்தால்? கொழுப்பு அவருடையது, திடம் முன்னால் நின்றவருடையது. அரை அரையாக ஒட்டிய சீட்டு. சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. மூல ஃபைலைத் தோண்டிய பிறகுதான் இப்படிச் சில வரிகள் அகப்பட்டன.

அழிப்பதா, பிறக்க வைப்பதா

செயலாளரின் அக்கா மகன் கோயம்புத்தூரில் கணினி படித்துக்கொண்டிருந்தான். விடுமுறையில் வந்திருந்தவன் உடனே ஒரு திருத்தம் சொன்னான்: லூப்பின் முதல் வரியில் கொழுப்பையும் திடத்தையும் 0 ஆக்கிவிட்டால் போதும். அது வேலை செய்யும், அதில் தப்பில்லை. சராசரி விதியும் உயிர் பெறும். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டு மாறிகள். நாளைக்குத் துறை கேட்கிறது என்று வெப்பநிலை, அடர்த்தி, நீர் சதவீதம் என்று கட்டங்கள் கூடும். ஒவ்வொன்றையும் லூப்பின் தலையில் அழிக்க ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும். மறந்தால் எந்தச் சத்தமும் வராது. அதோடு 0 என்பதும் ஒரு எண்தான். அது ‘அளக்கவில்லை’ என்று சொல்லாது, ‘ஃபேட்டே இல்லாத பால்’ என்று சொல்லும். இந்த ஃபைலிலேயே அதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. நிரலின் கீழ்ப்பகுதியில், எருமைப் பால் என்றால் ‘எருமை’ என்ற கொடி (ஆம், இல்லை என்று மட்டும் குறிக்கும் மாறி) ஆம் ஆகும். இல்லை என்று திருப்பும் வரி எங்கும் கிடையாது. அந்தச் சங்கத்தில் எருமை வைத்திருப்பவர் மிகக் குறைவு, அவர்களும் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் வருபவர்கள். அதனால் அது வெளியே தெரியவில்லை. கணினி படிக்கும் அந்தத் தம்பியின் திருத்தம் கொழுப்பைக் காப்பாற்றியிருக்கும், எருமையைக் கவனித்திருக்காது.

மாறியைச் சுத்தம் செய்வதைவிட, மாறி அந்தச் சுற்றோடு பிறந்து அந்தச் சுற்றோடு சாகும்படி வைப்பது மேல். பைதானில் இதற்கு ஒரு சிக்கல்: அங்கே லூப்புக்குத் தனி எல்லை கிடையாது. லூப்புக்குள் பிறந்த மாறி லூப் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும். எல்லை உள்ளது செயல்கூறுக்குத்தான், அதாவது பெயர் வைத்து அழைக்கும் தனி நிரல் துண்டுக்குத்தான். எனவே ஒரு வரியின் கணக்கு முழுவதையும் ஒரு செயல்கூறுக்குள் தள்ளினோம்:

செயல்கூறு வரிக்கணக்கு(வரி):
    எண், லிட்டர், க, தி = வரியைப் பிரி
    கொழுப்பு = எண்ணாக்கு(க)
    திடம் = எண்ணாக்கு(தி)
    திருப்பிக் கொடு சீட்டு(எண், லிட்டர், கொழுப்பு, திடம்)

ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் உள்ளே இருக்கும் கொழுப்பு புதிது. முந்தைய ஆளின் கொழுப்பு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. கோடு வந்தால் எண்ணாக்குவதில் பிழை வெடித்துச் செயல்கூறே முடிந்துவிடும். பாதி அவருடையது பாதி இன்னொருவருடையது என்ற சீட்டு உருவாகவே முடியாது.

இதை அழைக்கும் லூப்பை எழுதும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டோம். அவன் எழுதியதில் ஒரு நல்ல பாடம் இருந்தது:

ஒவ்வொரு வரியாக எடு:
    முயன்று பார்:
        சீ = வரிக்கணக்கு(வரி)
    பிழை வந்தால்:
        தனியே வை(வரி)
    அச்சடி(சீ)

பார்த்ததும் தெரிகிறதா? கொழுப்பை உள்ளே பூட்டிவிட்டோம். இப்போது ‘சீ’ என்ற மாறி வெளியே உட்கார்ந்திருக்கிறது. கோடு வந்த வரியில் அந்த மாறிக்குப் புது மதிப்பு கிடைக்காது, 41-இன் சீட்டு மறுபடி ஒரு முறை அச்சாகும். கசிவு ஒரு மாடி மேலே ஏறிவிட்டது. முன்பைவிட இது பரவாயில்லை, ஏனென்றால் சீட்டோடு எண்ணும் சேர்ந்து வருவதால் ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு என்று உடனே கண்ணில் படும். திருத்தம் சின்னது: அச்சடி என்பதை முயன்று பார் என்பதற்குக் கீழே, பிழை வராவிட்டால் மட்டும் ஓடும் இடத்துக்கு நகர்த்தினால் போதும். பைதானில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பிழையை விழுங்கும் இடமும் மதிப்பைப் பயன்படுத்தும் இடமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் அங்கே கசிவுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தனியே வைத்த வரிகளுக்குத்தான் சராசரி விதி. அதுவும் அங்கேயே, வெளிப்படையாக, சீட்டில் ‘சராசரி’ என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகும்படி.

இதே வியாதி, வேறு ஊர்களில்

பைதானைத் திட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் பழைய ‘வார்’ அறிவிப்பு செயல்கூறு முழுவதற்கும் பொது. லூப்புக்குள் எழுதினாலும் சுற்றுக்குச் சுற்று அதே மாறிதான். 2015-இல் ‘லெட்’ வந்த பிறகுதான் அடைப்புக்குறிக்குள் அடங்கும் மாறி கிடைத்தது. லூப்புக்குள் லெட் என்று எழுதி மதிப்பு வைக்காமல் விட்டால் அடுத்த சுற்றில் அது வெறுமையாகவே தொடங்கும். விலையோடு பெருக்கினால் ‘எண் அல்ல’ என்று வந்து நிற்கும். அசிங்கமான சீட்டுதான், ஆனால் நேர்மையானது. பெர்லில் ‘மை’ என்று லூப்புக்குள் அறிவித்து, ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்ற வரியைத் தலையில் போடுவது இதே காரணத்துக்காகத்தான்.

ஜாவா இன்னும் கறார். உள் மாறிக்கு எல்லா வழியிலும் மதிப்பு கிடைக்கிறது என்று நிரூபணமாகாவிட்டால், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே ஏற்காது. லூப்புக்குள் அறிவித்திருந்தால் எங்கள் நிரல் ஜாவாவில் ஓடத் தொடங்கியே இருக்காது. சி மொழியில் நிலைமை தலைகீழ்: லூப்புக்குள் அறிவித்தாலும் மதிப்பு வைக்காவிட்டால் உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பெரும்பாலும் போன சுற்றில் பயன்பட்ட அதே நினைவக இடமே திரும்பக் கிடைப்பதால், முந்தைய ஆளின் கொழுப்பு அப்படியே காட்சி தரும். எல்லை குறுகியதால் மட்டும் இலை கழுவப்படுவதில்லை. சி-யில் அறிவிக்கும் வரியிலேயே மதிப்பும் வைக்க வேண்டும்.

சுற்றுக்கு ஒன்றாக மதிப்பு வாங்கும் லூப் மாறியே சுற்றுகளுக்குப் பொதுவாக இருப்பது இதன் இன்னொரு முகம். 2020 பிப்ரவரி இறுதியில், இலவசமாக இணையச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தன் மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டது. ஒரு சான்றிதழில் பல டொமைன் பெயர்கள் இருந்து, அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தால், ஒவ்வொன்றையும் பார்ப்பதற்குப் பதில் ஒரே பெயரைப் பல முறை பார்த்தது. காரணம், கோ மொழியில் லூப் மாறியின் மதிப்புக்குப் பதில் அதன் நினைவக முகவரியை எடுத்து வைத்தது. எல்லாச் சுற்றுக்கும் முகவரி ஒன்றுதான். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் பாதிக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22 பதிப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி என்று மொழியின் விதியையே மாற்றினார்கள். சி ஷார்ப் 2012-இலேயே, தன் ஐந்தாவது பதிப்பில், ஃபோர்ஈச் லூப்புக்கு இதைச் செய்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மொழியின் விதியை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பழைய நிரல்கள் உடையலாம். தெரிந்தே செய்தார்கள்.

திருத்திய பிறகு

முதல் வேளையே சத்தம் வந்தது. தனியே வைத்த வரிகளின் பட்டியல் நீளமாக இருந்தது. கவுண்டரில் இருந்த பையனுக்கு எரிச்சல். “முன்னெல்லாம் எந்த எரரும் வராதுங்ணா” என்றான். வராமல் இருந்ததுதான் வியாதி என்று அவனுக்குப் புரிய வைக்கக் கொஞ்சம் பொழுது பிடித்தது. பிறகு அவனே ஒரு நல்ல யோசனை சொன்னான். சீட்டு அடிக்கும்போது கோடு தெரிந்து என்ன பயன், பால் அதற்குள் குளிரூட்டும் தொட்டிக்குப் போய்விடும். மாதிரி கப் கையில் இருக்கும்போதே தெரிய வேண்டும். எனவே எண்ணாக்கும் சோதனையை கவுண்டர் நிரலுக்கே கொண்டுபோனோம். கோடு வந்தால் திரை சிவப்பாகும்; அடுத்த உறுப்பினர் எண்ணைத் தட்ட முடியாது. மாதிரியை ஓரமாக வைத்து நுரை அடங்கவிட்டு மறுபடி அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘சராசரி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். 87-இன் கோடுகள் பெரும்பாலும் இரண்டாவது அளவிலேயே எண்ணாகிவிட்டன.

பழைய கணக்கு? நல்லவேளையாக மூல ஃபைல்களை யாரும் அழித்திருக்கவில்லை. கோடு இருந்த வரிகளை மட்டும் பொறுக்கி, புது நிரலில் மறுபடி ஓட்டி, பழைய தொகைக்கும் புதிய தொகைக்கும் வித்தியாசம் எடுத்தோம். இழந்தவர்கள் ஒரு பக்கம், லாபம் அடைந்தவர்கள் மறுபக்கம். நிர்வாகக் குழுவில் நீண்ட வாக்குவாதம். அதிகம் வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்கலாமா என்று சிலர். அவர்கள் தெரிந்து வாங்கவில்லையே என்று சிலர். இழந்தவர்களுக்கு அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுப்பது, அதிகம் வாங்கியவர்களிடம் கேட்பதில்லை என்று முடிந்தது. அந்தச் செலவு சங்கத்தின் தலையில். என்னைக் கேட்டால் சரியான முடிவு. ஆனால் அந்த 8.1 சீட்டைத் திருத்தி, திருத்தியது என்று எழுதி, நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும் என்று 87 கேட்டது பணத்தைவிட நியாயமான கோரிக்கை. ஒட்டினார்கள்.

இனி யார் இந்த நிரலைத் தொட்டாலும் ஓட்டிப் பார்க்க ஒரு சோதனை சேர்த்திருக்கிறோம். ஒரு வேளையின் ஃபைலை எடுத்து, வரிகளை சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, மறுபடி ஓட்டுவது. யார் யாருக்கு முன்னால் நின்றாலும் அவரவர் தொகை மாறக் கூடாது. மாறினால் எங்கோ ஒரு மாறி சுற்றுவிட்டுச் சுற்று தாவுகிறது. எந்த மாறி என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இதற்கு இல்லை, அதுதான் வசதி. பழைய நிரலின் மேல் ஓட்டியபோது கொழுப்பு, திடம், எருமை மூன்றும் ஒரே அடியில் மாட்டின. புது நிரலும் முதல் ஓட்டத்தில் தோற்றது: சீட்டின் வரிசை எண், கலைத்ததும் மாறிவிட்டது. அது மாறத்தான் வேண்டும் என்பதால் ஒப்பிடும் பட்டியலிலிருந்து அதை நீக்கினோம். ஒரே வேளையில் இரண்டு முறை பால் ஊற்றும் வீடுகளுக்கு எந்த வரியை முதலில் எடுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இரண்டையும் கூட்டி ஒரே வரியாக்கலாம் என்கிறார் செயலாளர், ஃபேட் வேறு வேறாக இருந்தால் எப்படிக் கூட்டுவது என்கிறான் தம்பி.